யவனப் படைக்கு ஓர் ஆஸ்பத்திரி

(இணையவழி இலக்கிய நிகழ்வில் வோபர்னில் இருந்து நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே ஸ்காபரோவில் சனிக்கிழமை காலை பத்தரை மணி. லண்டனில் பின்னேரம் மூன்றரை, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இரவு எட்டு. சிட்னியில் இருந்து நித்திரையை விட்டுவிட்டு வந்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. நானும் இரவு வேலை முடித்து நேரே வந்து உட்கார்ந்தவள்தான், ஆகவே இடையில் கொட்டாவி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு தோழி, "நீ தாதி, உனக்கு எதுக்கு யவனப் படை?" என்று கேட்டாள். காரணம் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன், எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஒரு பதினைந்து வயதுப் பையன் தான் கற்பனை செய்த ஒரு நாட்டைப் பற்றி எழுதி, வாசித்துப் பார்க்கச் சொல்லித் தந்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பலர் இப்படி நாடுகளை உண்டாக்குகிறார்கள். அவனுடைய நாடு ரோமாபுரியைப் பார்த்துச் செய்தது. செனட் இருக்கிறது, கழுகுக் கொடி இருக்கிறது, 12 லீஜியன்கள் இருக்கின்றன. எந்தப் பதவிக்கு எந்த நிறத்தில் தலைக்கவசச் சிறகு என்பது வரைக்கும் எழுதியிருந்தான். "உன்ரை படையிலை வருத்தக்காரர் எத்தனை பேர்? அவையை ஆர் பாக்கினம்?" என்று கேட்டேன். பையன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். "அன்ரி, இது ஃபிக்‌ஷன்" என்றான்.

அவனைக் குறை சொல்வதற்கில்லை. ரோமைப் பார்த்து நாடும் படையும் கற்பனை செய்யும் பழக்கம் தமிழுக்குப் புதியதும் இல்லை. சாண்டில்யனின் 'யவன ராணி' அதுதானே? கரிகாலன் காலம், பூம்புகார்க் கரை, சோழர் படைத்தலைவன் இளஞ்செழியன். தமிழகத்தில் ஒரு யவன அரசை நிறுவும் கனவோடு வரும் ராணி. அவளுக்குப் பின்னால் டைபீரியஸ் என்ற யவனப் படைத்தலைவன். குமுதத்தில் வாராவாரம் வந்த கதை. எங்கள் ஊர் வாசிகசாலையில் அதன் இரண்டு பாகங்களும் அட்டை கிழிந்து, நூல் வைத்துத் தைத்து, மறுபடியும் கிழிந்து கிடந்தன. நடக்காத ஓர் அரசு, இல்லாத ஒரு படை. ஆனால் வாசித்த எங்களுக்கு அந்தப் படையின் வாளும் கேடயமும் கண்ணுக்கு முன்னால் நின்றன. அந்தப் படையிலும் வருத்தக்காரர் இல்லை. காயம் வரும். வீரனுக்கு வரும், அழகான கை ஒன்று கட்டுப் போடும், அடுத்த வாரமே அவன் குதிரை ஏறிவிடுவான். சீழ் பிடிக்காது, காய்ச்சல் வராது, பேதி வரவே வராது.

சாண்டில்யன் இந்தப் படையை வெறும் காற்றில் இருந்து எடுக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் புகாரின் கடற்கரைப் பக்கம் யவனர் குடியிருப்பு இருக்கிறது. அதே காப்பியத்தில் கோவலன் மதுரைக்குள் நுழையும்போது கோட்டை வாசலில் வாளோடு காவல் நிற்பவர்கள் யவனர்கள். முல்லைப்பாட்டு இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கிறது. நப்பூதனார் பாடிய, 103 அடிகளே உள்ள சின்னப் பாட்டு அது. பாசறையில் அரசனுடைய கூடாரத்தைக் காப்பவர்கள் யவனர்கள். இறுக்கிக் கட்டிய உடையைச் சுற்றிச் சவுக்கு, மேலே சட்டை, பார்த்தாலே பயம் வரும் உடம்பு. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்துப் பதிகத்தில் நிலைமை தலைகீழ்: இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனர்களைப் பிடித்துக் கையைப் பின்னால் கட்டி, தலையில் நெய் ஊற்றிக் கொண்டுவருகிறான்.

இவர்கள் ரோமப் படைவீரர்களா? யவனர் என்ற சொல் அயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயரில் இருந்து வந்தது. சங்க காலத்தில் மேற்கே இருந்து வந்த எல்லோருக்கும் அந்தப் பெயர். வந்தவர்களில் கனபேர் எகிப்தில் இருந்து கப்பலேறிய, கிரேக்கம் பேசிய, ரோம ஆட்சிக்கு உட்பட்ட மனிதர்கள். முசிறியில் ரோமப் படைப்பிரிவு ஒன்று தங்கியிருந்தது என்று சில நூல்களில் காணலாம். அதற்கு நேரடிச் சான்று கிடையாது. பியூட்டிங்கர் வரைபடம் என்று சொல்லப்படும் பழைய ரோம வீதிப் படத்தில் முசிறிக்குப் பக்கத்தில் அகஸ்தஸ் கோயில் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கோயில் இருந்தால் கும்பிட ஆட்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் வியாபாரிகளாகவும் இருக்கலாம். எனக்கு நம்பத் தகுந்ததாகப் படுவது பிளினி சொல்லும் செய்தி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய அவர், இந்தியாவுக்குப் போகும் கப்பல்களில் கடற்கொள்ளையருக்குப் பயந்து வில்வீரர் அணிகளை ஏற்றிச் சென்றார்கள் என்கிறார். அப்படியென்றால் ஒவ்வொரு பருவக்காற்றோடும் ஆயுதம் பழகிய ஆட்கள் நமது துறைமுகங்களில் இறங்கியிருக்கிறார்கள். திரும்பிப் போகாமல் நின்றவர்கள் பாண்டியனிடமும் சோழனிடமும் சம்பளத்துக்குக் காவல் நின்றிருக்கலாம். இது என் ஊகம். ஆனால் முல்லைப்பாட்டின் சவுக்குக்காரனும் மதுரை வாசலின் வாள்காரனும் சம்பளக் காவலாளிகளைப் போலத்தான் நிற்கிறார்கள். படையெடுத்து வந்தவர்களின் நிற்கை அது இல்லை.

ஆக, யவன ராணியின் படை ஒரு வாசல் காவல்காரனில் இருந்து வளர்க்கப்பட்டது. நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு.

என்னைப் போன்ற கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளுக்கு ரோமப் படை இன்னொரு வழியாகவும் வந்தது. ஞாயிறு பள்ளி வழியாக. தமிழ் வேதாகமத்தின் படைச் சொற்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: நூற்றுக்கு அதிபதி, சேனாபதி, போர்ச்சேவகர், பட்டாளம், லேகியோன். 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததில் இருந்து ரோமப் படையின் ஒரு துண்டு தமிழுக்குள் குடியிருக்கிறது. "நூற்றுக்கு அதிபதி" நல்ல மொழிபெயர்ப்பு. ஆனால் கணக்குத்தான் பிழை. அந்தப் பிழை தமிழருடையது இல்லை, ரோமருடையது. செஞ்சூரி என்று பெயர் இருந்தாலும், பேரரசுக் காலத்தில் அந்த அணியில் சாதாரணமாக 80 பேர்தான். எட்டுப் பேர் ஒரு கூடாரம். எட்டுப் பேரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து தூங்கி, ஒரு கோவேறு கழுதையை வைத்துச் சாமான் ஏற்றினார்கள். அப்படிப் பத்துக் கூடாரம் ஒரு செஞ்சூரி, ஆறு செஞ்சூரி ஒரு கொஹோர்ட், பத்துக் கொஹோர்ட் ஒரு லீஜியன், ஏறத்தாழ 5,000 பேர். அகஸ்தஸ் காலத்தில் 28 லீஜியன் இருந்தன. கி.பி. 9இல் ஜெர்மானியக் காட்டில் மூன்று மொத்தமாக அழிந்தன.

லீஜியனில் சேர ரோமக் குடியுரிமை வேண்டும். குடியுரிமை இல்லாதவர்களுக்குத் துணைப்படை. அதில் 25 வருடம் வேலை செய்து முடித்தால் குடியுரிமை கிடைக்கும். அதற்கான சான்று இரண்டு வெண்கலத் தகடுகளை ஒன்றோடொன்று வைத்துக் கம்பியால் கட்டி, ஏழு சாட்சிகளின் முத்திரையோடு வரும். ஆராய்ச்சியாளர்கள் அதை 'டிப்ளமா' என்கிறார்கள். இரண்டாக மடித்தது என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். என்னிடம் இருப்பதும் தாதியியல் டிப்ளமாதான். குடியுரிமைக்காக வரிசையில் நின்று, வந்த நாட்டின் கடினமான வேலைகளைச் செய்து, கடைசியில் கையில் ஒரு தகடு. இங்கே இருக்கும் கன பேருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இன்னொரு விசயம். இயேசுவின் காலத்தில் யூதேயாவில் லீஜியன் எதுவும் நிலைகொண்டிருக்கவில்லை. லீஜியன்கள் வடக்கே சிரியாவில். யூதேயாவில் இருந்தது துணைப்படை. கப்பர்நகூம் கலிலேயாவில் இருக்கிறது. அது அந்த நேரத்தில் ஏரோது அந்திப்பாவின் ஆட்சிப் பகுதி. ஆகவே, வேலைக்காரனுக்குச் சுகமில்லை என்று இயேசுவிடம் ஆள் அனுப்பிய அந்த நூற்றுக்கு அதிபதி ரோமப் படைக்காரனே இல்லாமல், ரோமைப் பார்த்து ஏரோது அமைத்த படையில் அதிகாரியாக இருந்திருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. ரோமைப் பார்த்துப் படை செய்த சிற்றரசர்கள் பலர். கலாத்திய அரசன் தெயோதாரஸ் தன் ஆட்களை ரோமப் பாணியிலேயே பழக்கினான். பிறகு அந்த நாடு ரோமோடு சேர்ந்தபோது அந்தப் படை 22ஆம் லீஜியனாகி, அவன் பெயரையே வைத்துக்கொண்டது. எங்கள் கட்டடத்துப் பையனுக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது வேறு. தன் வேலைக்காரனின் நோய்க்காக ஒரு படை அதிகாரி அலைகிறான். சுவிசேஷத்தில் ரோமப் படையின் சாயல் கொண்ட ஒருவர் முதலில் நல்லபடியாக வருவது ஒரு நோயாளிக்காகத்தான்.

சிலுவையடியில் கொடுத்த காடியையும் சொல்லாமல் போக முடியவில்லை. சின்ன வயதில் அதைப் பரிகாசம், கொடுமை என்று மட்டுமே படிப்பித்தார்கள். ரோமப் படைவீரர்கள் அன்றாடம் குடித்தது புளித்த திராட்சரசத்தில் தண்ணீர் கலந்த பானம். போஸ்கா என்பார்கள். அருகில் இருந்த பாத்திரத்தில் இருந்தது அவர்களுடைய சொந்தக் குடிப்பாகவே இருந்திருக்கலாம். அதைக் கடற்காளானில் தோய்த்து உதட்டில் வைக்கிறார்கள். சாகும் நிலையில் இருப்பவர்களுக்கு நாங்கள் இன்றும் அதைத்தான் செய்கிறோம். குச்சியின் நுனியில் சின்னப் பஞ்சு இருக்கும், தண்ணீரில் தோய்த்து உதட்டையும் நாக்கையும் நனைப்போம். அந்தப் படைவீரன் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. கை செய்த வேலை எனக்குத் தெரிந்த வேலை.

சரி, கேள்விக்கு வருகிறேன். ரோமப் படையில் வருத்தக்காரர் எத்தனை பேர்?

இதற்கு ஒரு பதில் இருக்கிறது, அதுவும் எண்ணோடு. வட இங்கிலாந்தில் விந்தொலாந்தா என்று ஒரு ரோமக் கோட்டை. ஈரமான, காற்றுப் புகாத மண்ணில் மெல்லிய மரச் சீவல்களில் மையால் எழுதிய ஓலைகள் போன்றவை 1973இல் இருந்து அங்கே கிடைத்து வருகின்றன. கடிதங்கள், கடன் கணக்குகள், காலுறையும் உள்ளாடையும் அனுப்பியிருக்கிறேன் என்ற தகவல், ஒரு பெண் இன்னொரு பெண்ணைத் தன் பிறந்தநாளுக்கு அழைத்த கடிதம் எல்லாம் அதில் உண்டு. அவற்றில் ஒன்று துங்கிரியர்களின் முதலாம் கொஹோர்ட்டின் ஆள் கணக்கு. மே 18 என்று தேதி இருக்கிறது. வருடம் கி.பி. 90களில் ஒன்று.

மொத்தம் 752 பேர், ஆறு நூற்றுக்கு அதிபதிகளையும் சேர்த்து. அதில் 456 பேர் கோட்டையில் இல்லை. 337 பேர் கோரியா என்ற இடத்தில், 46 பேர் ஆளுநரின் காவலில், லண்டனில் ஒரு நூற்றுக்கு அதிபதி, மிச்சப் பேர் இன்னும் அங்கங்கே. கோட்டையில் மிஞ்சியவர்கள் 296. அதில் நோயாளிகள் 15, காயப்பட்டவர்கள் 6, கண் அழற்சி உள்ளவர்கள் 10. மொத்தம் 31. வேலைக்குத் தகுதியானவர்கள் 265.

இதை முதல் முறை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வை எப்படிச் சொல்வது? இது எங்களுடைய ஷிஃப்ட் மாறும்போது கொடுக்கும் அறிக்கை. எத்தனை கட்டில், எத்தனை பேர் வெளியில், யாருக்கு என்ன. யாரோ ஒருவன் 1,900 வருடங்களுக்கு முன் ஒரு மே மாதக் காலையில் அறை அறையாகப் போய் எண்ணியிருக்கிறான். காகிதத்தில் 752 பேர் உள்ள படை, களத்துக்கு அனுப்பக்கூடிய 265 பேராகச் சுருங்குவதைப் பாருங்கள். நாவல்களில் படைத்தலைவன் கை காட்டினால் பத்தாயிரம் பேர் கிளம்புகிறார்கள். உண்மையில், படை என்பது பாதிக்கு மேல் வேறெங்கோ இருப்பது. இருப்பவர்களில் பத்தில் ஒருவர் படுத்திருப்பது.

காயப்பட்டவர்கள் ஆறு பேர் என்றால் கண் வருத்தம் பத்துப் பேருக்கு. தனி வரியில் எழுதும் அளவுக்கு அது பெரிய பிரச்சினை. மூடிய அறைக்குள் எட்டுப் பேர், விறகுப் புகை, ஒரே துவாய். கண் நோய் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். முதியோர் இல்லத்தில் வேலை செய்த எவரும் இதைச் சொல்வார்கள்.

படை பெரிதானால் ஆஸ்பத்திரியும் பெரிதாகும். லீஜியன்களின் நிலையான கோட்டைகளில் வலெதுதினாரியம் என்ற கட்டடம் இருந்தது. ஜெர்மனியின் நொய்ஸ், சுவிற்சர்லாந்தின் விண்டிஷ் ஆகிய இடங்களில் அவற்றின் அத்திவாரங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் இஞ்ச்துதில் என்ற இடத்தில் கி.பி. 80களில் கட்டத் தொடங்கி, முடியுமுன்னே கைவிட்ட கோட்டையில் ஆஸ்பத்திரி ஏறத்தாழ 90 மீற்றர் நீளம். நடுவில் முற்றம், சுற்றி நடைபாதை, இரு பக்கமும் சின்னச் சின்ன அறைகள், சுமார் 60. செஞ்சூரிக்கு ஓர் அறை என்ற கணக்கு என்று நினைக்கிறார்கள். அறைகளின் வாசல் நேரே பெரிய நடைபாதைக்குத் திறக்காமல், இடையில் ஒரு சின்னப் பாதை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சத்தமும் காற்றும் நேரே நோயாளிமேல் விழாது. நான் வேலை செய்த இடங்களில் இந்த யோசனை இல்லாமல் கட்டப்பட்டவை உண்டு.

வைத்தியர்களும் இருந்தார்கள். ரோமில் இருக்கும் திராயான் தூணில், கி.பி. 113இல் எழுப்பியது, போருக்கு நடுவே ஒரு வீரனின் தொடையில் ஒருவர் கட்டுப் போடும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. ஹாட்ரியன் மதிலில் ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் ஒரு கல்லறைக் கல் கிடைத்தது. அனிசியஸ் இஞ்செனுவஸ், வைத்தியன், துங்கிரியர்களின் முதலாம் கொஹோர்ட், வயது 25. அதே கொஹோர்ட்தான், காலம் பிந்தியது. அந்த மரச் சீவலில் பெயரில்லாமல் எண்ணிக்கையாக நின்ற நோயாளிகளின் வாரிசுகளைப் பார்த்தவன். 25 வயதில் எதனால் செத்தான் என்று கல் சொல்லவில்லை. வார்டில் இருந்து ஏதும் தொற்றியிருக்குமோ என்று நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

செல்சஸ் என்ற ரோமர் முதலாம் நூற்றாண்டில் எழுதிய மருத்துவ நூலில் அழற்சிக்கு நான்கு அறிகுறி சொல்கிறார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. தாதியியல் முதல் தவணையில் எங்களுக்குப் படிப்பித்ததும் அந்த நான்குதான். ஒவ்வொரு நாளும் ஊசி போட்ட இடத்தை, தையல் போட்ட இடத்தை அதே ஒழுங்கில்தான் பார்க்கிறேன். உடம்பில் ஏறிய அம்பை எப்படி எடுப்பது, வந்த வழியே இழுப்பதா, மறுபக்கம் தள்ளி எடுப்பதா என்றும் எழுதியிருக்கிறார்.

இதையெல்லாம் கேட்டு ரோமரைத் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். அந்த ஆஸ்பத்திரி படைக்காரருக்கு. பெரிய பண்ணைகளில் அடிமைகளுக்கும் ஒன்று இருந்தது. வேலை செய்யும் உடம்பைப் பழுது பார்க்கும் இடம். கோட்டைக்கு வெளியே அந்தப் படை எரித்த ஊர்க்காரருக்கு அங்கே கட்டில் இல்லை. வீதியில் போகிற எவனையும் பிடித்துச் சுமை தூக்க வைக்கும் அதிகாரம் அந்த வீரர்களுக்கு இருந்தது. ஒரு மைல் பலவந்தம் பண்ணினால் இரண்டு மைல் போ என்ற போதனைக்குப் பின்னால் இருப்பது அதுதான். படைமுகாம்களுக்குப் பக்கத்தில் வளர்ந்த எங்களுக்கு அது வெறும் உவமை இல்லை. யாரும் வந்து படுக்கக்கூடிய ஆஸ்பத்திரி பிறகுதான் வருகிறது. நாலாம் நூற்றாண்டில் செசரியாவில் பசிலியார் கட்டியதும், ரோமில் பபியோலா என்ற பெண் கட்டியதும் பேர்போனவை.

இந்த இடத்தில் எங்களுடைய காலத்தைத் தொடாமல் போனால் நான் நேர்மையாகப் பேசவில்லை என்றுதான் ஆகும். 2009இன் முதல் மாதங்கள். புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிமேல் திரும்பத் திரும்ப எறிகணை விழுந்து, பெப்ரவரியில் அது கைவிடப்பட்டது. பிறகு புதுமாத்தளனில் ஒரு பாடசாலையில் ஆஸ்பத்திரி. பிறகு முள்ளிவாய்க்காலில். செஞ்சிலுவைச் சங்கம் ஆயிரக்கணக்கான காயக்காரரையும் உறவினரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது. இங்கே ரொறன்ரோவில் நாங்கள் பகலில் யூனிவர்சிட்டி அவெனியூவில் நின்றோம், மே 10ஆம் தேதி கார்டினர் நெடுஞ்சாலையில் நின்றோம், இரவில் வேலைக்குப் போனோம். மருந்து அறையில் எண்ணி எண்ணி அடுக்கி வைத்திருந்த சேலைன் பைகளைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்து நின்ற இரவுகள் உண்டு.

அந்த மாதங்களில் எத்தனை பேர் காயப்பட்டார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு இன்றுவரை இல்லை. கண் நோய் வந்த பத்துப் படைவீரரின் கணக்கு ஒரு மரச் சீவலில் 1,900 வருடம் இருந்துவிட்டது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நான் படைக் கதைகளை வாசிக்கிறேன். வேறு மாதிரி வாசிக்க வரவில்லை.

தமிழில் இந்தக் கணக்கு வைப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். சங்க காலத்தில் வலெதுதினாரியம் போல ஒரு கட்டடம் இருந்ததற்குச் சான்று இல்லை. ஆனால் பாட்டுகளில் காயக்காரர் இருக்கிறார்கள். முல்லைப்பாட்டில் யவனக் காவலுக்குள் படுத்திருக்கும் அந்த அரசன் தூங்கவில்லை. காயத்தின் வலியில் தன் பிடிகளையே மறந்துவிட்ட யானைகள், அம்பு தைத்துக் காதைச் சாய்த்துக்கொண்டு தீனி தின்னாமல் நிற்கும் குதிரைகள், செத்துப்போன ஆட்கள் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு கிடக்கிறான். தீனி தின்னாமல் நிற்கும் குதிரை. இதை எழுதியவர் வருத்தம் பார்த்தவர். எங்களிடமும் முதல் கேள்வி அதுதான்: சாப்பிட்டாரா?

நெடுநல்வாடையில் நக்கீரர் இன்னும் ஒரு படி போகிறார். நடு இரவு, வாடைக் காற்று, மழைத் தூவானம். அரசன் தூங்காமல் எழுந்து காயப்பட்டவர்களைப் பார்க்கப் போகிறான். வேலின் தலையில் வேப்பந்தார் கட்டிய ஒருவன் முன்னால் போய் ஒவ்வொருவராக முறைப்படி காட்டுகிறான். குதிரைகள் மேலில் விழுந்த துளிகளை உதறுகின்றன. நழுவும் மேலாடையை இடக்கையால் பிடித்து, வலக்கையை ஒரு வாள்வீரனின் தோளில் வைத்து, முகம் கொடுத்துப் பார்த்துக்கொண்டே போகிறான். இது வார்டு ரவுண்ட்ஸ். ஒருவர் முன்னே நின்று இவர் இன்னார், இவருக்கு இன்னது என்று சொல்ல, பெரியவர் பின்னால் வருவது. ஒரு எச்சரிக்கை: இந்த வேப்பந்தாரைக் காட்டி "பார், அந்தக் காலத்திலேயே கிருமிநாசினி" என்று வாட்ஸப்பில் வரும். அது பாண்டியனின் அடையாளப் பூ. அதை வைத்துத்தான் பாட்டுடைத் தலைவன் பாண்டியன் என்று கண்டுபிடித்தார்கள், மருந்து இல்லை.

மருத்துவ வேம்பு வேண்டுமென்றால் புறநானூறு 281க்குப் போங்கள், அரிசில் கிழார் பாடியது. காயப்பட்டு வந்த ஒருவனை வீட்டுப் பெண்கள் பார்க்கிறார்கள். வீட்டில் வேம்பும் இரவமும் செருகுகிறார்கள், யாழ் வாசிக்கிறார்கள், கையை மெதுவாக நகர்த்தி மை போன்ற மருந்தைத் தடவுகிறார்கள், வெண்கடுகு தூவுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், காஞ்சி பாடுகிறார்கள், வாசனைப் புகை போடுகிறார்கள். இதில் எது நம்பிக்கை, எது வைத்தியம் என்று பிரிக்க நான் முயலமாட்டேன். கையை மெதுவாக நகர்த்தி என்கிறாரே, அது ஒன்று போதும். புதிதாக வரும் மாணவிகளுக்கு அதைத்தான் பாடாய்ப் பட்டுப் படிப்பிக்க வேண்டியிருக்கிறது.

பதிற்றுப்பத்து 42இல் பரணர் தையலையே காட்டுகிறார். மீன்கொத்தி குளத்தில் பாய்ந்து மேலே வருவது போல நீண்ட வெள்ளை ஊசி காயத்துக்குள் போய் வெளியே வருகிறது. இரத்தக் குளத்தில் மூழ்கி எழும் ஊசி. தையல் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்திராத ஒருவருக்கு அந்த உவமை வராது என்று நான் அடித்துச் சொல்வேன். கப்பலேறி வந்த யவனனிடம் கற்றார்களா, தாங்களாகவே செய்தார்களா என்று கேட்காதீர்கள். கிழிந்ததைத் தைக்க வேண்டும் என்று எல்லா ஊரிலும் தோன்றும்.

உரை முடிந்தபின் அரட்டைப் பெட்டியில் வந்த கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். முல்லைப்பாட்டில் அரசனின் படுக்கையறைக்குப் பக்கத்தில், யவனருக்கும் உள்ளே, பேசாத நாக்கோடு உடம்பால் பேசும் மிலேச்சர்கள் நிற்கிறார்களே, அவர்கள் ஊமைகளா, நாக்கை வெட்டியிருப்பார்களா என்று மெல்பேர்னில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார்.

நாக்கை வெட்டியதாகப் பாட்டில் இல்லை. எனக்கு அவர்கள் தமிழ் தெரியாதவர்கள் என்றே படுகிறது. இரகசியம் வெளியே போகாது என்பதால் அப்படிப்பட்டவர்களைக் கிட்ட வைத்திருக்கலாம். கையாலும் கண்ணாலும் தலையாலும் பேசி அவர்கள் வேலை நடந்திருக்கும். ஸ்காபரோவில் முதியோர் இல்லங்களில் மறதி நோய் முற்றியபின் இங்கிலிஷ் முழுதும் கழன்றுபோன தமிழ் அம்மாக்கள் இருக்கிறார்கள். பதிவேட்டில் "பேசுவதில்லை" என்று எழுதியிருக்கும். நான் போய் "அம்மா, தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" என்று கேட்டால் ஊர்ப் பெயர், பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் வரும். எனக்கு லீவு நாள் என்றால் அன்று வேலைக்கு வரும் பிலிப்பினோ பெண் கையால் காட்டித்தான் சாப்பாடு கொடுப்பாள். அந்த அம்மா கையால் பதில் சொல்லுவார். தூரத்தில் நின்று பார்க்கும் புலவர் ஒருவருக்கு இரண்டு பேருமே பேசாத நாக்குக்காரர்தான்.